பணித்தடை தண்டனை அல்ல: கேகாலை எழுதுவினைஞர் முதல் டொக்டர் ஷாபி வரை

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

போன கிழமை ஸ்டேஷன் பக்கத்துத் தேநீர்க் கடையில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "அவர இன்டர்டிக்ட் பண்ணிட்டாங்களாம்." "அப்ப ஏதோ செஞ்சிருக்கார்தானே." அவ்வளவுதான். தேநீர் முடிவதற்குள் ஒரு மனிதனுடைய வழக்கு முடிந்துவிட்டது. யாரைப் பற்றிக் கதைத்தார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. அந்த "அப்ப" என்ற சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாவலப்பிட்டி 1874இல் ரயில் வந்து வளர்ந்த ஊர். ரயில்வே, தபால், ஆஸ்பத்திரி, பாடசாலை, பிரதேச செயலகம் என்று அரச சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. முஸ்லிம், தமிழ், சிங்களம் என்ற பேதமில்லாமல் எல்லா வீட்டிலும் அரசாங்கச் சம்பளத்தில் படித்த பிள்ளை ஒன்று இருக்கும். அந்தச் சம்பளம் ஒரு நாள் திடீரென்று நின்றால் என்ன நடக்கும் என்பதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பெரிய மாமா, உம்மாவின் மூத்த சகோதரர், ஒரு அரச திணைக்களத்தில் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தார். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் காலம். கணக்கெடுப்பில் பொருள் குறைகிறது என்றார்கள். ஒரு கடிதம் வந்தது. அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போகக்கூடாது. குற்றப்பத்திரம் கைக்கு வரவே 14 மாதம் ஆனது. விசாரணை அதிகாரி இரண்டு தடவை மாறினார். ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்கள். கடைசியில், குறைபாடு அவர் பொறுப்பேற்பதற்கு முன்பே ஏட்டில் நடந்த பதிவுப் பிழை என்று முடிவானது. அதற்கு எடுத்த காலம் 3 வருடமும் 8 மாதமும்.

விடுதலைக் கடிதம் ஒரு பக்கம். ஆனால் அந்த 3 வருடம் 8 மாதத்தில் மாமா பள்ளிவாசலில் முன் ஸப்பில் நிற்பதை விட்டுவிட்டார். யாரும் அவரைப் பின்னுக்குப் போகச் சொல்லவில்லை. அவராகவே போனார். கடைக்காரர் கடன் கொப்பியை மூடினார். மச்சிக்கு வந்த சம்பந்தம் ஒன்று சத்தமில்லாமல் திரும்பிப் போனது. தீர்ப்பு வருவதற்கு முன்பே தண்டனை முடிந்துவிட்டது.

நான் சட்டத்தரணி அல்ல. ஆசிரியர் கலாசாலையில் படித்து, வரலாறு படிப்பிக்கிற ஒருவன். ஆனால் இந்த விஷயத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை "அப்ப" என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்போம்.

*பணித்தடை என்றால் என்ன?*

'இன்டர்டிக்ட்' என்று நாம் சொல்வதைத்தான் அரச ஆவணங்கள் பணித்தடை என்கின்றன. தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி, 48ஆம் அத்தியாயம் முழுக்க ஒழுக்காற்று நடவடிக்கை பற்றியது. பணித்தடை பற்றிய விதிகளும் அங்கேதான் இருக்கின்றன.

அதன் நோக்கம் எளிமையானது. ஒருவர் மேல் பாரதூரமான குற்றச்சாட்டு வந்தால், அவர் அதே கதிரையில் இருந்துகொண்டு கோப்பை மாற்றக்கூடாது, சாட்சிக்காரரை மிரட்டக்கூடாது. அதனால் விசாரணை முடியும் வரை ஒதுங்கியிருக்கச் சொல்கிறார்கள். வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சண்டை பிடித்தால் நாங்கள் முதலில் என்ன செய்கிறோம்? தனித்தனியாக இருத்திவிட்டு விசாரிக்கிறோம். தனியாக இருத்தியது தண்டனை அல்ல. ஆனால் இருத்திவிட்டு, விசாரிக்காமல், பாடசாலை விடும் வரை மறந்துவிட்டால்? அந்தப் பிள்ளைக்கு அது தண்டனைதான். வீட்டுக்குப் போய் "சேர் பனிஷ் பண்ணினார்" என்றுதான் சொல்லும். பிள்ளை சொல்வது சரி.

பணித்தடையும் அப்படித்தான். பத்து நாள் ஒரு முன்னெச்சரிக்கை. பத்து மாதம் ஒரு தண்டனை. கடிதத்தில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, நாள்தான் ஓடியிருக்கிறது. ஆகவே உண்மையான கேள்வி "நிறுத்தலாமா?" என்பது அல்ல. "எத்தனை நாளைக்கு? அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்பதுதான்.

*சம்பளம் தர்மமா, கடனா?*

முதலில் சாப்பாட்டுக் கேள்வி. இதற்குப் பதில் தேடித் தந்தவர் எங்களுக்குப் பக்கத்திலேயே வேலை செய்தவர். கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும்போது கடந்துபோகிறோமே கேகாலை, அங்கே கச்சேரியில் நிர்வாக எழுதுவினைஞராக இருந்தவர் செல்லையா கோடீஸ்வரன். தமிழர்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. கோடீஸ்வரன் அதற்கு முன்பே அரச சேவையில் சேர்ந்தவர். 1961 டிசம்பரில் திறைசேரி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. குறித்த சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாதவர்களுக்குச் சம்பள ஏற்றம் இல்லை. 1962 ஏப்ரலில் அவருக்கு வரவேண்டிய வருடாந்த ஏற்றம் வரவில்லை. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக வழக்குப் போட்டார்.

இது பணித்தடை வழக்கு அல்ல. அவர் வேலையில்தான் இருந்தார். ஆனால் வழக்கு ஒரு அடிப்படைக் கேள்வியை எழுப்பியது: அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குப் போடலாமா?

இன்று கேட்டால் சிரிப்பு வரும். அன்று சிரிப்பில்லை. சோல்பரி அரசியலமைப்பின் 57ஆம் பிரிவின்படி அரச ஊழியர் பதவி வகித்தது முடியின் விருப்பம் உள்ளவரைதான். ராஜா விரும்பும்வரை வேலை. அப்படியானால் சம்பளமும் ராஜா தருகிற தர்மம்தானே, தர்மத்தைத் தரச்சொல்லி யாராவது வழக்குப் போடுவார்களா? வாதம் இதுதான்.

1964இல் மாவட்ட நீதிபதி ஓ.எல். டி கிரெட்சர் கோடீஸ்வரனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். மொழிச் சட்டமே அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரண் என்றார். 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மொழிப் பிரச்சினைக்குள் அது போகவேயில்லை. அரச ஊழியருக்குச் சம்பளம் கேட்டு வழக்குப் போடும் உரிமையே கிடையாது என்று அங்கேயே கதவை மூடியது.

கோடீஸ்வரன் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனார். 1969 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. டிப்லொக் பிரபு எழுதிய தீர்ப்பு. இலங்கையில் ஒப்பந்தத்தின் அடிப்படையில் அரசின்மேல் வழக்குத் தொடரும் வழக்கம் நீண்டகாலமாக இருந்து வந்திருக்கிறது. விரும்பும்போது வேலையிலிருந்து நீக்கலாம் என்பதற்காக, உழைத்த நாளின் கூலியைக் கொடுக்காமல் விடலாம் என்று ஆகாது. சம்பளத்துக்கு வழக்குப் போடலாம். சுருக்கமாகச் சொன்னால், சம்பளம் தர்மம் அல்ல, கடன்.

மொழிப் பிரச்சினையைத் தீர்மானிக்கும்படி வழக்கைத் திரும்ப இலங்கைக்கு அனுப்பினார்கள். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது, 29ஆம் பிரிவு மறைந்தது. ஆனால் சம்பளம் பற்றிய பாதி நிலைத்தது. ஒரு தமிழ் எழுதுவினைஞர் தன் ஒரு வருட ஏற்றத்துக்காகப் போட்ட வழக்கின் பயன் சிங்களவர், முஸ்லிம், தமிழர் என்று எல்லா அரச ஊழியருக்கும் கிடைத்தது. வகுப்பில் நான் 1956 பற்றிப் படிப்பிக்கும்போது இதையும் சொல்வேன்.

*கதவு மூடியதும் திறந்ததும்*

1972 அரசியலமைப்பு அரசாங்க சேவை ஆணைக்குழுவை இல்லாமல் ஆக்கியது. நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் அமைச்சரவையின் கைக்குப் போயின. அந்த முடிவுகளை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றும் எழுதிவைத்தார்கள். 1978 அரசியலமைப்பிலும் அதிகாரம் அமைச்சரவையிடம்தான். ஊழியர்கள் "விருப்பம் உள்ளவரை" பதவி வகிப்பார்கள் என்ற பழைய சொல்லும் அதில் இருந்தது. ராஜா போய்விட்டார், ராஜாவின் விருப்பம் மட்டும் கதிரையில் இருந்தது.

ஆனால் 1978இல் ஒரு ஜன்னல் திறந்தது. 12ஆம் உறுப்புரை: சட்டத்தின் முன் எல்லோரும் சமம். 126ஆம் உறுப்புரை: அடிப்படை உரிமை மீறப்பட்டால் நேரடியாக உயர் நீதிமன்றம் போகலாம். அரச ஊழியரும் அந்த வழியால் போகலாம்.

2001இல் 17ஆவது திருத்தம் அதிகாரத்தை அமைச்சரவையிடமிருந்து எடுத்து அரசாங்க சேவை ஆணைக்குழுவிடம் கொடுத்தது. அந்த ஆணைக்குழுவின் முடிவுகளுக்கு எதிராக முறையிட நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை வந்தது. அதற்கான சட்டம் 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். பிறகு 18, 19, 20, 21 என்று திருத்தங்கள் வந்தன. ஆணைக்குழுவுக்கு யார் ஆட்களை நியமிப்பது என்ற இழுபறி இன்னும் தொடர்கிறது. ஆனால் ஊழியனின் தலைவிதி ஒரு அமைச்சரின் முகபாவத்தில் தங்கியிருக்கக்கூடாது என்ற கொள்கையை இன்று யாரும் வெளிப்படையாக மறுப்பதில்லை.

*எத்தனை நாள்? இந்தியாவில் போட்ட கோடு*

இனி நாள் பற்றிய கேள்வி. இதில் இந்திய நீதிமன்றங்கள் நிறையச் சொல்லியிருக்கின்றன. அந்தத் தீர்ப்புகள் எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எங்கள் சட்டத்தரணிகள் வாதத்தில் எடுத்துக்காட்டலாம். இரண்டு நாட்டுக்கும் வெள்ளைக்காரன் விட்டுப்போன நிருவாகம் ஒன்றுதானே.

முதலாவது, ஒரு ரூபா கதை. மகாராஷ்டிராவில் ஒரு விதி இருந்தது. இடைநிறுத்தப்பட்ட ஊழியர் நீதிமன்றத்தில் குற்றவாளி எனக் காணப்பட்டு மேன்முறையீடு செய்தால், அது முடியும்வரை அவருக்குப் பிழைப்புப்படி மாதம் ஒரு ரூபா. ஒரே ஒரு ரூபா. 1983இல் இந்திய உச்ச நீதிமன்றம் சந்திரபான் தாலே வழக்கில் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. பிழைப்புப்படி என்று பெயர் வைத்தால் அதில் ஒருவன் பிழைக்க வேண்டும்.

இரண்டாவது, கோலார் தங்க வயல் கதை. கேப்டன் போல் அந்தனி அங்கே பாதுகாப்பு அதிகாரி. 1985 ஜூனில் அவர் வீட்டில் பொலிஸ் சோதனை நடந்தது. தங்கம் கலந்த மணலும் ஒரு சிறு தங்க உருண்டையும் கிடைத்ததாகச் சொன்னார்கள். அடுத்த நாளே இடைநிறுத்தம். பிழைப்புப்படி கொடுக்கவில்லை. கேரளாவில் சொந்த ஊரில் இருந்த அவருக்கு விசாரணைக்கு வரக் கையில் காசில்லை. அவர் இல்லாமலே விசாரணையை நடத்தி 1986இல் வேலையிலிருந்து நீக்கினார்கள். 1987இல் குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆனால் வேலை திரும்பிவர 1999 வரை போராட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்த்து முழு நிலுவையையும் கொடுக்கச் சொன்னது. இடைநிறுத்தப்பட்டவரும் ஊழியர்தான் என்றது. பிழைப்புப்படி கொடுக்காமல் விடுவதை மெல்லக் கொல்லும் நஞ்சுக்கு ஒப்பிட்டது.

மூன்றாவதுதான் பெரிய கோடு. அஜய் குமார் சௌத்ரி பாதுகாப்புத் துறைக் காணிகளுக்குப் பொறுப்பான அதிகாரி. காஷ்மீரில் ஒரு காணி விவகாரத்தில் 2011 செப்டம்பர் 30ஆம் திகதி இடைநிறுத்தப்பட்டார். அது முடிய முடிய நீட்டித்துக்கொண்டே போனார்கள். 2015 பெப்ரவரி 16ஆம் திகதி உச்ச நீதிமன்றம் சொன்னது: 3 மாதத்துக்குள் குற்றப்பத்திரம் கொடுக்கவில்லையென்றால் இடைநிறுத்தம் அதற்குமேல் நீளக்கூடாது. குற்றப்பத்திரம் கொடுத்துவிட்டால், நீட்டிப்பதற்குக் காரணம் காட்டி உத்தரவு எழுத வேண்டும். அரசு விரும்பினால் அவரை வேறு இடத்துக்கு மாற்றலாம், சாட்சிகளுடன் பேசக்கூடாது என்று தடை போடலாம். ஆனால் சும்மா வீட்டில் உட்காரவைத்துவிட்டு மறக்கக்கூடாது.

இதில் ஒரு வேதனை. அந்தத் தீர்ப்பு வருவதற்குள் சௌத்ரிக்குக் குற்றப்பத்திரம் கொடுத்துவிட்டார்கள். அதனால் இந்தக் கட்டளை இனி அவருக்குப் பொருந்தாது என்று அதே தீர்ப்பில் எழுதப்பட்டது. கோடு போட வைத்தவருக்குக் கோட்டுக்குள் இடமில்லை. பயன் பின்னால் வந்தவர்களுக்கு. கோடீஸ்வரன் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நீண்ட இடைநிறுத்தத்தை எதிர்ப்பது கள்வனைக் காப்பாற்றுவது அல்ல. தமிழ்நாட்டில் பிரமோத் குமார் என்ற பொலிஸ் உயரதிகாரி திருப்பூர் நிதி நிறுவன மோசடி விவகாரத்தில் குற்றம் சாட்டப்பட்டு 6 வருடத்துக்கு மேல் இடைநிறுத்தத்தில் இருந்தார். 2018இல் உச்ச நீதிமன்றம், இவ்வளவு நீட்டுவதால் ஒரு பயனும் இல்லை, முக்கியமில்லாத ஒரு பதவியில் போட்டுவிட்டு வழக்கை நடத்துங்கள் என்ற வகையில் தீர்ப்பளித்தது. வழக்கு நிற்கவில்லை, அது தன் வழியில் போனது. பிறகு 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இன்னொன்றைத் தெளிவாக்கியது: 3 மாதம் கடந்தவுடன் எல்லா இடைநிறுத்தமும் தானாக விழுந்துவிடாது, குற்றச்சாட்டின் பாரதூரத்தையும் பார்க்க வேண்டும்.

இது நியாயம்தான் என்று நினைக்கிறேன். இலஞ்சம் வாங்கியவனும், பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்தவனும் 91ஆம் நாள் அதே கதிரைக்கு வந்து உட்காருவதை நானும் விரும்பமாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். இழுபறியால் உண்மையில் யாருக்கு லாபம்? சாட்சிகள் ஓய்வுபெறுகிறார்கள், கோப்புகள் தொலைகின்றன, அதிகாரிகள் மாறுகிறார்கள். குற்றவாளிக்குத் தாமதம் ஒரு நண்பன். நிரபராதிக்குத்தான் அது எதிரி. துரித விசாரணை இரண்டு பேரையும் அவரவர் இடத்தில் வைக்கும்.

*எங்கள் நாட்டில் நாங்கள் பார்த்த 3 வருடம்*

இனி, எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரிந்ததாலேயே சில விவரங்களை மறந்துவிட்டோம்.

2019 ஏப்ரல் 21 தாக்குதல் நடந்து ஒரு மாதம். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்து நடந்த காலம். மே 23ஆம் திகதி ஒரு சிங்களப் பத்திரிகையின் முன்பக்கச் செய்தி, ஒரு முஸ்லிம் டொக்டர் 4000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்றது. அடுத்த நாள் இரவு குருநாகல் போதனா வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி சிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். சொத்துச் சேர்த்தார் என்பது அப்போது சொன்ன காரணம். கருத்தடைக் குற்றச்சாட்டு பின்னாலேயே வந்தது. நூற்றுக்கணக்கான தாய்மார் முறைப்பாடு கொடுத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பயமுறுத்தப்பட்ட பெண்கள் அவர்கள்.

ஜூன் இறுதியில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. ஜூலை 25ஆம் திகதி பிணை கிடைத்தது. கைதாகி இரண்டு மாதம்.

ஆனால் வேலை? பிணையோடு வேலை திரும்பவில்லை. அவர் கட்டாய லீவில் வைக்கப்பட்டார். கட்டாய லீவும் பணித்தடையும் விதியில் வேறு வேறு. ஆனால் வருடக்கணக்கில் நீளும்போது வீட்டுக்குள் இரண்டும் ஒன்றுதான். 2019 போனது, 2020 போனது, 2021 போனது. நாட்டில் கொரோனா வந்து, டொக்டர் போதாது என்று தவித்த காலமும் அதற்குள்தான். படித்த ஒரு வைத்தியர் வீட்டில் இருந்தார்.

நிலுவைச் சம்பளம் கைக்கு வந்தது 2022இல். சுமார் 26 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா. அப்போது நாடு இருந்த நிலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெற்றோல் வரிசை, கேஸ் வரிசை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. அவர் அந்தப் பணத்தை அத்தியாவசிய மருந்து வாங்குவதற்கென்று சுகாதார அமைச்சுக்கே திருப்பிக் கொடுத்தார். பின்னர் சேவைக்கும் திரும்பினார்.

எல்லோரும் அந்த நன்கொடையைப் பாராட்டினோம். நானும் பகிர்ந்தேன். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டோம். அவர் பெருந்தன்மையாக இருந்ததால் அந்த 3 வருடம் சரியாகிவிடாது. அந்தப் பணம் அரசு கொடுத்த பரிசும் அல்ல. கோடீஸ்வரன் காட்டியதுபோல அது கடன். கடனைத் தாமதமாகக் கட்டியவரை நாங்கள் பாராட்டுவதில்லை. இன்னொன்று: அவருக்காக நாடு முழுவதும் குரல் இருந்தது, சட்டத்தரணிகள் இருந்தார்கள், பத்திரிகைகள் இருந்தன. அப்படியும் 3 வருடம். பெயர் தெரியாத ஒரு காவலாளிக்கு, ஒரு சிற்றூழியருக்கு, எங்கள் பெரிய மாமாவைப்போன்ற ஒருவருக்கு யார் இருக்கிறார்கள்?

*அப்படி ஒரு கடிதம் வந்தால்*

எனக்குத் தெரிந்த அளவில் சில விஷயங்கள். இது சட்ட ஆலோசனை அல்ல. ஒரு சட்டத்தரணியைக் கட்டாயம் பாருங்கள்.

ஒன்று, கடிதத்தை யார் ஒப்பமிட்டிருக்கிறார் என்று பாருங்கள். ஒழுக்காற்று அதிகாரம் உள்ளவர்தானா? நாடளாவிய சேவைகளுக்கு அரசாங்க சேவை ஆணைக்குழுவும் அது அதிகாரம் கையளித்தவர்களும். மாகாணப் பாடசாலை ஆசிரியர் போன்றவர்களுக்கு மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழு. இரண்டினதும் மேன்முறையீட்டு வழி வேறு.

இரண்டு, சம்பளம் பற்றிக் கேளுங்கள். பணித்தடை என்றவுடன் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்துச் சும்மா இருப்பவர்கள் அதிகம். அரைச் சம்பளம் கொடுக்க இடமுள்ள சந்தர்ப்பங்கள் விதிக்கோவையில் உண்டு. இலஞ்சம், மோசடி போன்றவற்றில் நிலைமை வேறு. எழுத்தில் கேளுங்கள்.

மூன்று, அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் காலம். நாங்கள் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், மந்திரியிடம் ஆள் பிடிப்போம்" என்று அலைந்து அந்த மாதத்தைத் தொலைக்கிறோம். ஆள் பிடிக்கப் போகிற நாளில் சட்டத்தரணியைப் பாருங்கள்.

நான்கு, ஆணைக்குழுவின் தீர்மானத்துக்கு எதிராக நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை இருக்கிறது. எங்கள் ஆட்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஐந்து, கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் போடுங்கள். கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். விசாரணை அதிகாரி நியமிக்கப்பட்டாரா, எந்தத் திகதியில் என்று கேட்டாலே தூங்கும் கோப்பு சிலவேளை எழும்பும்.

ஆறு, எல்லாக் கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

*ஊருக்கு ஒரு வார்த்தை*

சட்டம் செய்யவேண்டியதைச் சட்டம் செய்யட்டும். நாங்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. பணித்தடைக் கடிதத்தில் குற்றவாளி என்று எழுதியிருக்காது. எழுதியிருப்பதற்கு மேல் நாங்கள் வாசிக்கக்கூடாது. 2019இல் ஒரு செய்தியை விசாரிக்காமல் நம்பியவர்களால் எங்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். அதே வேலையை நாங்கள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தேநீர்க் கடையில் செய்யலாமா? ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது எங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமா?

அப்படி ஒருவர் ஊரில் இருந்தால் சலாம் சொல்லுங்கள். கல்யாண வீட்டுக்கு அழையுங்கள். கடையில் கொப்பியை மூடாதீர்கள், முடிந்தால் ஒரு பக்கம் கூடுதலாகத் திறவுங்கள். அவர் குற்றவாளி என்று முடிவானால் சட்டம் பார்த்துக்கொள்ளும். நிரபராதி என்று முடிவானால், உங்கள் முகத்தைப் பார்க்க உங்களால் முடிய வேண்டும்.

பெரிய மாமா இப்போது இல்லை. அவர் மௌத்தான பிறகு அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது ஒரு கடும் நீலக் கோப்பு கிடைத்தது. 3 வருடம் 8 மாதத்தில் அவர் எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும், நாவலப்பிட்டித் தபாலகத்தின் முத்திரை விழுந்த ரசீதும் திகதி வரிசையில் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். 41 கடிதங்கள். பதில் வந்தது ஆறுக்கு. கடைசி விசாரணையில் அவரைக் காப்பாற்றியதே அந்தக் கோப்புத்தான் என்று உம்மா சொன்னா. இரண்டாவது விசாரணை அதிகாரியிடம் தொலைந்துபோன ஏட்டுப் பிரதி ஒன்று மாமாவிடம் இருந்ததாம்.

அந்தக் கோப்பை நான் எறியவில்லை. யாருக்காவது இப்படி ஒரு கடிதம் வந்து, எங்கே தொடங்குவது, எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், கூச்சப்படாமல் வீட்டுக்கு வாருங்கள். இருந்து எழுதுவோம்.

வஸ்ஸலாம்.